ரைஃபிளில் இறுகிப்போன ஸ்கோப் மவுண்ட் திருகாணி: எண்ணெய் விட்டும் அசையவில்லை

கேள்வி – ஆறுமுனை

வணக்கம். உரிமம் பெற்றுப் பழையதாக வாங்கிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று என்னிடம் உள்ளது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டுகள் முன்னும் பின்னுமாக இரண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு திருகாணிகள் ரிசீவரோடு (குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடற்பகுதி) பிடித்திருக்கின்றன. புதிய ஸ்கோப்புக்கு வேறு அடித்தட்டு மாட்ட வேண்டியிருப்பதால் நான்கையும் கழற்ற முனைந்தேன். தலையில் இருந்த குழி நட்சத்திர வடிவம் என்பதைக் கவனிக்காமல், ஓரளவு பொருந்திய அறுகோண ஆலன் கீயைச் செருகித் திருகியது என் தவறு. மூன்று திருகாணிகள் கழன்றுவிட்டன. நான்காவதின் குழி முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. திருகாணியோ இம்மியும் நகரவில்லை. துரு நீக்கும் எண்ணெயை மூன்று நாள் விட்டுப் பார்த்தும் பயன் இல்லை. அடுத்து, உடைந்த திருகாணிகளைப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டரை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் ஆலோசனை தேவை.

பதில் – பழைய பட்டறை

முதலில் கையை எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் இன்னொரு முறை வழுக்கினால் குழி முழு வட்டமாகிவிடும்.

தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டை உருவி எடுத்துத் தனியே வையுங்கள். ஸ்கோப்பும் கட்டையும் ரைஃபிளோடு இருக்க வேண்டாம். ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகளுக்குச் சூடு ஆகாது, மரக்கட்டைக்கு எண்ணெய் ஆகாது.

எண்ணெய் ஏன் பலிக்கவில்லை என்றால், பெரும்பாலும் அங்கே துருவே இருக்காது. ஸ்கோப் மாட்டுகிறவர்கள் திருகாணி தானாகத் தளராதிருக்க மரையில் திரெட்லாக்கர் பசை இடுவது வழக்கம். காற்றுப் படாத இடத்தில், உலோகத்தின் தொடர்பால் கெட்டியாகும் அந்தப் பசை, ஒருமுறை கெட்டியாகிவிட்டால் எண்ணெயில் கரையாது. நீல நிறப் பசை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு நிறப் பசை அப்படியல்ல. ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்தச் சூடு தணிவதற்குள்ளேயே திருக வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் முறை.

அதற்காக ரிசீவரில் தீச்சுடரைக் காட்டிவிடாதீர்கள். வெப்பப் பதம் இட்ட எஃகின் வலிமையில் கை வைப்பதாகிவிடும். மேற்பூச்சும் நிறம் மாறும். தடித்த முனையுள்ள சால்டரிங் அயர்ன் ஒன்றைத் திருகாணியின் தலைமீது மட்டும் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் சூடு தண்டு வழியே மரைக்கு இறங்கிவிடும். அதற்கு முன் மூன்று நாள் விட்ட எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது புகைந்து கண்ணைக் கரிக்கும்.

அடுத்தது, திருப்புளியில் மாட்டும் முனையான பிட். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது டார்க்ஸ் எனப்படும் நட்சத்திரக் குழியில் டி15 அளவாகத்தான் இருக்க வேண்டும். தேயாத புது பிட் ஒன்றை எடுத்து, வால்வு தேய்க்கும் பசையை அதன் முனையில் சிறிது தடவி, சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் குழியில் இறக்குங்கள். பசையில் உள்ள மணல் போன்ற துகள்கள் வழுக்கலைக் குறைக்கும். ரிசீவரை மெத்தை வைத்த வைஸில் பிடித்து, உடல் எடையைக் கீழ்நோக்கிக் கொடுத்தபடி மெதுவாகத் திருகுங்கள். துளையிடும் மேசை எந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிட்டைச் சக்கில் மாட்டிக் கைப்பிடியால் கீழே அழுத்திக்கொண்டே சக்கைக் கையால் திருப்பலாம். பிட் மேலெழும்ப வழியே இருக்காது.

பதில் – குழல்வழி

மேலே சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாப் பழியையும் பசையின் மேல் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். மாட்டிக்கொண்டது நான்கில் எது? பின்பக்கத் துளைகள் பெரும்பாலும் ரிசீவரின் மறுபக்கம் வரை திறந்திருக்கும், போல்ட்டை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால் திருகாணியின் நுனி தெரியும். முன்பக்கத் துளைகளின் அடியில் குழலின் மரைப்பகுதி இருக்கும். அங்கே நீளம் கூடிய திருகாணியை யாராவது மாட்டியிருந்தால், தலை தட்டில் நன்றாக உட்காரும் முன்பே நுனி குழலில் முட்டி நெருக்கிக்கொள்ளும். கழன்ற மூன்றின் நீளத்தையும் அளந்து பாருங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் வேண்டவே வேண்டாம். இவ்வகைத் திருகாணிகளில் பரவலானது 6-48 என்னும் மரை (எண் 6 அளவு, அங்குலத்துக்கு 48 மரை). அதன் விட்டமே சுமார் 3.5 மி.மீ. தான். அதற்குள் நுழையும் எக்ஸ்ட்ராக்டர் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள். அது உள்ளே முறிந்தால், சாதாரண டிரில் பிட் தொட முடியாத கடின எஃகுத் துண்டு ஒன்று துளையில் தங்கிவிடும்.

சூட்டுக்கும் மசியவில்லையென்றால் தலையை மட்டும் துளையிட்டு நீக்குவதே என் வழி. தண்டின் விட்டத்துக்குச் சமமான டிரில் பிட்டால், குழியின் மையத்திலிருந்து தலையின் ஆழம் வரை மட்டும் இறங்கினால் தலை வளையம்போல் கழன்று வரும். அடித்தட்டை எடுத்தபின் தண்டு சிறிது நீண்டு நிற்கும். தலை இழுத்துப் பிடித்திருந்த இறுக்கம் போய்விடுவதால் பல சமயம் இடுக்கியால் பிடித்தே திருகிவிடலாம். இடதுபுறம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் துளையிடும்போதே திருகாணி கழன்று வந்துவிடுவதும் உண்டு. ஆனால் முன்பக்கத்தில் ஆழத்தில் தவறினால் அடியில் இருப்பது குழலும் தோட்டா அறையும். ஆழம் நிறுத்தும் வளையத்தைப் பிட்டில் மாட்டாமல் தொடங்க வேண்டாம். கை நடுக்கம் இருந்தால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே மேல்.

கேட்டவர் – ஆறுமுனை

இருவருக்கும் நன்றி. மாட்டிக்கொண்டது முன்தட்டின் முன்திருகாணி. சால்டரிங் அயர்னைப் பிடித்து, புது பிட்டால் இருமுறை முயன்றும் அசையவில்லை. குழியின் கடைசி முனையும் போய்விட்டது. பிறகு தலையைத் துளையிட்டேன். மெல்லிய வளையமாக அது பிட்டோடு மேலே வந்தது. தட்டை எடுத்தபின் நின்ற தண்டு இடுக்கிக்குச் சற்று முரண்டு பிடித்தது, அரைச் சுற்று வந்தபின் விரலாலேயே சுழன்று வந்துவிட்டது.

மரையில் பசையின் சுவடே இல்லை. தண்டின் நுனி தட்டையாக நசுங்கிப் பளபளவென்று இருந்தது. கழன்ற மூன்றையும் அருகில் வைத்து ஒப்பிட்டேன்: பின்தட்டில் நீளமான ஒன்றும் குட்டையான ஒன்றும் இருந்திருக்கின்றன. குட்டையானது முன்னால் இருந்திருக்க வேண்டியது; முன்பு மாட்டியவர் அதையும் இங்கே மாட்டிக்கொண்ட நீளமானதையும் இடம் மாற்றிவிட்டார்.

பதில் – குழல்வழி

நல்ல வேளை, முட்டியது நுனி மட்டும். சிறு விளக்கை வைத்துத் துளைக்குள் பாருங்கள், குழலில் லேசான அடையாளம் தவிர வேறு சேதம் இருக்காது என்றே நினைக்கிறேன். பிசிர் ஏதும் தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் சுட வேண்டாம். புதிய திருகாணிகளை முதலில் தட்டு இல்லாமல் ஒவ்வொரு துளையிலும் விரலால் இறக்கி, எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று எண்ணுங்கள். பின்பு தட்டோடு இறக்கினால் அதைவிடக் குறைந்த சுற்றிலேயே தலை தட்டில் அமர வேண்டும். மரையின் எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, நீலப் பசையில் ஒரு துளி இட்டு, தட்டின் தயாரிப்பாளர் தரும் முறுக்குவிசை அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அது பெரும்பாலும் 15 முதல் 20 அங்குலப் பவுண்டு அளவில் இருக்கும். கைக்கு அது மிகக் குறைவாகத் தோன்றும், அளவுகாட்டும் திருப்புளியை நம்புங்கள்.