லாவோஸில் சிவப்புப் பக்கம் கால் வைத்த நாள்

2018 டிசம்பரில் லாவோஸின் போன்சவான் ஊருக்குப் போயிருந்தேன். ஜாடிச் சமவெளியைப் பார்க்கும் ஆசைதான். ஆளுயரக் கல் ஜாடிகளைப் பார்த்தபடி நடந்தவனை வழிகாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். காலடியில் ஒரு சிறு கல், பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் குண்டு தேடி அகற்றிய இடம். சிவப்புப் பக்கம் மேலே கண்ணில் பட்டதை மட்டும் எடுத்த இடம். என் வலது கால் சிவப்புப் பக்கம் இருந்தது.

லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் அமெரிக்காவும் சேர்ந்துதான் கையெழுத்திட்டது. வியட்நாம் போர் நடந்த 1964 முதல் 1973 வரை அதே அமெரிக்கா அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசியது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. எட்டுக் கோடி வரை வெடிக்காமலே மண்ணில் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். ஊர்க்காரர்கள் 'பாம்பி' என்கிறார்கள். பந்து என்று எண்ணிக் கையில் எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! எனக்கும் இரண்டு பிள்ளைகள். அன்று அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

மதியம் வழிகாட்டியின் அத்தை வீட்டில் சாப்பாடு. வாசலில் நீளவாக்கில் பிளந்த குண்டுக் கூட்டில் மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்த்திருந்தார். அடுப்பைத் தரையில் மூட்டாமல், கால்கள் பொருத்திய உயரமான மேடையில் மூட்டினார். தரையில் தீ வைத்தால் அடியில் புதைந்து கிடக்கும் பாம்பி சூடேறி வெடித்துவிடும் என்றார். போர் முடிந்தபின் பிறந்தவர் அவர். சோறு பொங்கும்போதும் அந்தப் போரை நினைத்துத்தான் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டியிருக்கிறது.

*

நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் வியட்நாமில் ஹோ சி மின் நகரத்துப் போர் அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. கீழ்த்தளத்தில் ஓர் இளைஞர் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் விரல்கள் முழுதாக இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். போரில் காட்டை அழிக்க அமெரிக்கா ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்தைத் தெளித்த பகுதியில் வாழ்ந்தவர்களாம் அவருடைய தாத்தாவும் பாட்டியும். மணிமாலை ஒன்று வாங்கினேன். முடிச்சை அவரே பல்லால் இறுக்கிக் கொடுத்தார். தெளிப்பை அமெரிக்கா 1971இல் நிறுத்தியது. அங்குள்ள தா நாங் விமான நிலையத்தில் அந்த மருந்தால் நச்சேறிய மண்ணைச் சுத்தப்படுத்த அது வந்தது 2012இல்.