தாண்டிக்குடியில் இருந்து இறங்க நெரிசல் இல்லாத வேறு வழி?

வத்தலக்குண்டு, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி. கீழ்ப்பழனி மலையில் சைக்கிளுக்கு இதைவிட அமைதியான தார் ரோடு எனக்குத் தெரிந்து இல்லை. இருபுறமும் காபித் தோட்டம், மேலே கல்திட்டைகள், முருகன் கோயில். ஏறுவதில் சிக்கலே இல்லை. அதே வழியில் இறங்கும்போதுதான் பின்சக்கர ட்யூப் வெடிக்கிறது. கடந்த 2 மாதத்தில் 3 முறை, மூன்றும் பெரும்பாறைக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகளில்.

வண்டி ரோடு பைக், ரிம் பிரேக் (கட்டை ரிம்மையே அழுத்திப் பிடிக்கும், அந்த உராய்வில் ரிம் சூடாகும்), அலுமினிய ரிம், 700×25 டயர். முதல் இரண்டு முறையும் ஓட்டை டயர் பக்கம் இல்லை. ட்யூபின் உள்பக்கம், ஸ்போக் துளைக்கு நேராக, வட்டமாகப் புடைத்துக் கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் பிளாஸ்டிக் ரிம் டேப், அதாவது ஸ்போக் துளைகளை மூட ரிம்முக்குள் சுற்றும் பட்டை. சூட்டில் இளகித் துளைக்குள் இறங்கியிருந்தது. துணி டேப் மாற்றினேன். பிரேக் கட்டை புதிது. காற்றை 100 பிஎஸ்ஐயில் இருந்து 85க்குக் குறைத்தேன். முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றித்தான் பிடிக்கிறேன். அப்படியும் மூன்றாவது முறை, பழைய ஒட்டு சூட்டில் பிரிந்துவிட்டது. ரிம்மில் விரல் வைக்க முடியவில்லை. டிஸ்க் பிரேக் வண்டி வாங்கு என்பார்கள். இப்போதைக்கு அது ஆகாது.

மிச்சம் இருப்பது பண்ணைக்காடு, ஊத்து வழி. ஆனால் ஊத்தில் கொடைக்கானல் மெயின் ரோட்டில் சேர்ந்துவிடும், அங்கே பஸ்ஸும் சுற்றுலா வேனும்.

ஞாயிறு காலை 10 மணிக்குள் ஊத்தில் இருந்து வத்தலக்குண்டு வரை சைக்கிளில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்: சித்தரேவு ரோட்டைவிடச் சரிவு குறைவா, அந்த நேரத்தில் வண்டி நடமாட்டம் எப்படி?