புதுப்பிப்பு: பச்சைத் துணிக் குறும்படம்

காசில்லாம, நடிக்கறவங்களுக்குப் பின்னால பச்சைத் துணி கட்டிக் குறும்படம் எடுக்கறோம், அந்தப் பச்சையைக் கம்ப்யூட்டர்ல வெட்டிட்டு வேற பின்னணி வெச்சா ஆளோட ஓரமெல்லாம் பிசிறடிக்குதுன்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. இப்பச் சரியாயிருச்சு.

துணியை மாத்தலைங்க, ஈரோட்டுச் சந்தையில வாங்கின அதே காட்டன்தான். நடிக்கறவங்களைத் துணியிலிருந்து ஆறேழு அடி முன்னால நிக்க வெச்சதும், துணியில பட்டுத் தெறிச்சு தோள்ல படிஞ்ச பச்சை போயிருச்சு. நெழல் விழாம துணிக்குன்னு தனியா டியூப்லைட்டு. எடம் மாமாவோட தறிக்குடோன். தறி ஓடாத நாள்லதான் வசனம் எடுக்க முடியும், அது வேற கதை.

ஏன் பச்சைன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. பெரும்பாலான கேமரா சென்சார்ல, அதாவது வெளிச்சத்தைப் பதியற சில்லுல, சிவப்புப் புள்ளியை விடவும் நீலப் புள்ளியை விடவும் பச்சைப் புள்ளி ரெண்டு மடங்கு. அதனால வெட்டு சுத்தமா வரும். மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதுமுங்க.

பின்னணிக்குச் சென்னிமலை அடிவாரத்தைச் சாயங்காலம் எடுத்தோம். ஆள் மேல விழற வெளிச்சமும் அந்தப் பின்னணியில வர்ற அதே பக்கமிருந்து மஞ்சளா வரணும், இல்லைன்னா ஒட்டவே ஒட்டாது. எடிட்டிங் பாதி முடிஞ்சிருச்சுங்க.