புதுப்பிப்பு: விளையாட்டுப் போட்டிக்குப் பிறகும் இல்லங்கள்

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்ததும் உறங்கிவிடும் இல்லங்களை, அதாவது மாணவர்களைப் பிரித்து அமைத்த பாடசாலை அணிகளை, ஆண்டு முழுவதும் மாணவர் ஒழுக்கத்துக்கும் பாடசாலைப் பற்றுக்கும் பயன்படுத்தலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் அதைத் தொடங்கிவிட்டோம், பலனும் தெரிகிறது.

நேரத்துக்கு வருதல், வகுப்பறைத் துப்புரவு, இளையோருக்கு உதவுதல் ஆகியவற்றுக்கு இல்லப் புள்ளிகள் வழங்குகிறோம். ஒருவரின் தவறுக்காக முழு இல்லத்தின் புள்ளிகளையும் கழிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் கோரினார்கள். நான் உடன்படவில்லை, ஏனெனில் அது தவறிய பிள்ளையைத் தன் இல்லத்தாரின் கோபத்துக்கு ஆளாக்குமே தவிரத் திருத்தாது. காலைப் பிரார்த்தனைக்கு எப்போதும் பிந்தி வந்த தரம் 8 மாணவனொருவனை, அவனுடைய இல்லத் தலைவரான உயர்தர மாணவர் இப்போது வழியில் கூட்டிக்கொண்டு வருகிறார். படலையில் நின்று சைக்கிள் மணியை அடித்தால், சப்பாத்து நாடாவைக் கட்டாமலே ஓடி வருகிறானாம். தண்டனைகளால் இது நடக்கவில்லை.

இல்லப் பெயர்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு: யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் சபாபதி, நாகலிங்கம், பசுபதி முதலிய பெயர்களில் இல்லங்கள் இருப்பதுபோல, எங்களுடையவையும் பெரியோர் பெயர்களையே தாங்குகின்றன. அவர்கள் யார், பாடசாலைக்கு என்ன செய்தார்கள் என்பதை மாணவர்களே பழைய ஆண்டு மலர்களில் தேடி, இல்லக் கூட்டங்களில் வாசிக்கிறார்கள். அடுத்த தவணையிலிருந்து அதற்கும் புள்ளிகள் உண்டு.