பழைய புத்தகம் 400: அடுக்குவது எப்படி, ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி?

மாடி_போர்ஷன்:
தண்டையார்பேட்டை, முதல் மாடி, 10-க்கு 10 அறை. மூர் மார்க்கெட் வளாகத்திலும் பழைய பேப்பர் கடைகளிலும் வாங்கிய 400 புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. வார இதழ்த் தொடரைக் கிழித்து பைண்டு செய்த தொகுதிகளும் உண்டு. சிலவற்றில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. ரேக் எப்படி வாங்கலாம்? நூலகங்களில் பாடவாரியாகப் போடும் டூயி எண் போட வேண்டுமா? ஆண்டே அச்சிடாத புத்தகத்தை எப்படிப் பதிவது?

மைதா_பசை:
முதலில் அந்தத் தூள். துளைக்குப் பக்கத்தில் தூள் புதிதாகச் சேர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. அந்தப் புத்தகங்களைத் தனியே எடுங்கள். ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, -18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பல சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்களின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகாது, அதில் வைத்துப் பயனில்லை. வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் நீர் கோத்துக்கொள்வது தாளில்தான்.

இராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்) வேறு கதை. அது தேடி வருவது பசையில் உள்ள மாவுக்காக, அதனால் முதுகும் அட்டையும்தான் முதலில் போகும். அந்துருண்டை வாசனையை நம்பி ஈரத்தை விட்டுவிடாதீர்கள், பூஞ்சைக்கு அது மருந்தல்ல.

கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பிளாஸ்டிக் உரிந்துவிடும், பழுப்புப் பசை மட்டும் எழுத்தின் மேல் தங்கும். மெல்லிய டிஷ்யூ தாளும் நீர்த்த மைதா பசையும் போதும். ஸ்டேப்பிள் பின் அடித்த தொகுதிகளில் உப்புக்காத்து பட்டு அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மழுங்கிய கத்தியால் பின்னின் காலை நிமிர்த்திக் கழற்றுங்கள், அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துத் தையுங்கள்.

ஆங்கிள்_ரேக்:
சராசரி 2 செ.மீ. தடிமன் என்றால் 400 புத்தகத்துக்கு 8 மீட்டர். 3 அடி அகலம், 6 தட்டு ரேக் இரண்டு வாங்கினால் 10 மீட்டருக்கு மேல் கிடைக்கும். பவுடர் கோட்டிங் உள்ளதாகப் பாருங்கள், சாதா பெயின்ட் கடற்கரைப் பக்கம் நிற்காது. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள், கரையானும் ஈரமும் சுவர் வழிதான் வரும். கிரௌன் அளவு (சிறிய) புத்தகத்துக்குத் தட்டு உயரம் 9 அங்குலம், அதைவிடப் பெரிய டெமி அளவுக்கு 10½. விரல் நுழையாத அளவு இறுக்கி அடுக்கினால் உருவும்போது முதுகின் மேல்முனை பிய்யும்.

பகர_அடைப்பு:
டூயி வேண்டாம். தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-இல்தான் தொடங்கும், உங்கள் அலமாரியில் முக்கால்வாசிக்கு அதே எண்ணை எழுதி என்ன பயன்? நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு என்று பெரிதாகப் பிரித்து, உள்ளே ஆசிரியர் பெயரில் அகரவரிசை. இனிஷியலில் அடுக்காதீர்கள், பெயருக்குப் பின் இனிஷியல் வரட்டும். பட்டியலைக் கணினியில் போட்டால், யூனிகோடு (எழுத்துகளுக்கான குறியீடு) எண் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருளில் 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து உட்காரும், 'ற' 'ர'வுக்கு அடுத்து. ஒரு தடவை கண்ணால் சரிபாருங்கள். வரிசை எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 2B பென்சிலில் எழுதினால் போதும்.

ஆண்டுக்கு விலையைப் பாருங்கள். அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றால் 1957-64. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை', 'னை' இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பாக இருக்கலாம். இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய அச்சு பல அச்சகங்களில் பிறகும் ஓடியது. விலைமேல் ஒட்டிய சீட்டையும் நம்ப வேண்டாம், அடியில் அச்சிட்டதே கணக்கு.

மாடி_போர்ஷன்:
ரொம்ப நன்றி. ஒன்றில் 'ஜய வருஷம் ஆவணி' என்று இருக்கிறது. விலை 1-8-0, முகவரி 'சென்னை-1'.

பகர_அடைப்பு:
1-8-0 என்றால் 1 ரூபாய் 8 அணா, அதாவது ஒன்றரை ரூபாய். ஜய 60 வருடத்துக்கு ஒரு முறை வரும்: 1894, 1954, 2014. 2014-இல் அணா கிடையாது, 1894-இல் 'சென்னை-1' என்ற தபால் வட்ட எண் கிடையாது. ஆகவே ஆகஸ்ட்-செப்டம்பர் 1954. புத்தகத்தில் அந்த ஆண்டு அச்சாகவில்லை, நாம் கணக்குப் போட்டதுதான் என்பதால் பதிவேட்டில் [1954] என்று பகர அடைப்புக்குள் எழுதுங்கள்.