மறு: மிடி டிராக்குக்குச் சொல் – ‘சுரத்தடம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு ஒலிப்பதிவுக் கையேட்டுக்காகத் தம்பி அனுப்பிய சொற்பட்டியலை நேற்று இரவு பார்த்து முடித்தேன். பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கிறது. நான் முட்டிக்கொண்டு நிற்பது இந்த ஒரு வரியில்தான்:

> ஆடியோ டிராக் – ஒலித்தடம்
> மிடி டிராக் – சுரத்தடம்

(புதியவர்களுக்கு: டிராக் என்பது பதிவு மென்பொருளில் ஒரு பதிவு போய் உட்காரும் வரிசை. மிடி என்பது வாசித்ததை இசைக்கருவிகளும் கணினியும் எண்களாகப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை.) ‘ஒலித்தடம்’ பற்றிப் பேச ஒன்றுமில்லை. ‘சுரத்தடம்’ காதுக்கு அழகாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு வீட்டுக் கதை.

என் அக்கா மகள் போன மாதம் மடிக்கணினியில் ஒரு பதிவு மென்பொருளை நிறுவிக்கொண்டு, கீபோர்டை யூஎஸ்பி வழியாக இணைத்து ஒரு மெட்டை வாசித்தாள். திரையில் வண்ணக் கட்டைகள் வரிசையாக விழுந்தன. திரும்ப ஓட்டினால் சத்தமே இல்லை. கேபிளை மாற்றினாள், ஸ்பீக்கரை மாற்றினாள், ஒரு மாலைப்பொழுது போனது. அந்தத் தடத்தில் மென்பொருள் வாத்தியம் எதையும் ஏற்றவில்லை என்பதே காரணம். பியானோவை ஏற்றியதும் பேசியது. மறுநாள் மைக் வைத்து வீணையைப் பதிந்தாள். ஓரிடத்தில் மீட்டு தவறிவிட்டது. முந்தைய நாள் கட்டையை இழுத்து மேலே கீழே வைத்த பழக்கத்தில், அலைவடிவத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். துண்டு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர சுரம் மாறவில்லை. “நேற்று மாறுச்சே, இன்னைக்கு ஏன் மாறல?” என்று எனக்குப் போன்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். இரண்டு தடத்திலும் ஒலி இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மென்பொருளும் இரண்டையும் ஒரே அகலத்தில், ஒரே நிறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுகிறது. பிறகு எப்படித் தெரியும்? மிடி தடத்தில் ஒலி இல்லை என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ‘சுரத்தடம்’ அதைச் சொல்லவில்லை. சுரம் என்றால் காதில் விழுவது என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்?

மிடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் போவது மூன்று எண்கள். உதாரணமாக 144, 60, 100. முதலாவது, ‘முதல் சேனலில் கட்டை அழுந்தியது’ என்கிறது. இரண்டாவது, எந்தக் கட்டை. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுந்தியது. கட்டை எண்ணும் வேகமும் 0 முதல் 127 வரைதான். விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகும். இதில் ஒலி எங்கே?

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜுபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை மிடி கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்து மற்றதை ஒலிக்க வைத்துக் காட்டினார்கள். அந்தக் கேபிள் வழியே நொடிக்கு 31,250 பிட்தான் போகும். சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 14,11,200 பிட் வேண்டும், சுமார் 45 மடங்கு. அதாவது அந்தக் கேபிளில் ஒலியை அனுப்ப நினைத்தாலும் முடிந்திருக்காது. விரல் செய்ததை மட்டும் அனுப்பினார்கள், ஒலியை எதிர்ப்பக்கம் இருந்த கருவியே உண்டாக்கிக்கொண்டது. இன்றைக்கும் கோப்பின் அளவைப் பார்த்தாலே புரியும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒற்றை மைக்கில் மூன்று நிமிடம் பதிந்தால் 26 எம்பி வரும். அதே மூன்று நிமிட மிடி சில பத்து கேபியில் முடிந்துவிடும்.

‘சுரம்’ பொருந்தாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கீபோர்டில் கட்டை எண் 62ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை (C) சுருதியில் பாடுபவருக்கு அது சதுச்ருதி ரிஷபம். இரண்டு கட்டை (D) சுருதிக்காரருக்கு அதுவே சட்ஜம். மிடிக்கு அது வெறும் 62. சுரம் என்பது ஆதார சுருதியோடு வரும் உறவு, மிடிக்கு அந்த உறவு தெரியாது. இரண்டாவது, டிரம்ஸ். பொதுமிடி (ஜெனரல் மிடி) என்ற பொது வழக்கப்படி பத்தாவது சேனலில் 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்னேர். இதில் சுரத்தை எங்கே தேடுவது? பெடலை மிதித்தது, சக்கரத்தைத் திருப்பியது, ஒலியளவை ஏற்றியது எல்லாமும் அதே தடத்தில்தான் பதிவாகின்றன.

(கமகம் பற்றி ஐயா போன மடலில் கேட்டிருந்தார். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் சுருதிச் சக்கரத்துக்கு 16,384 படிகள் உண்டு, வழக்கமான வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. தோடி காந்தாரத்தை அசைத்துப் பார்க்க அது போதும். இடது கையில் சக்கரத்தை ஆட்டிக்கொண்டு வாசிக்கிறவருக்கு அசுரப் பயிற்சி வேண்டும், அது வேறு கதை.)

‘மிடி’ என்றே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நெறிமுறையின் பெயராக அது இருக்கட்டும், தடை இல்லை. ஆனால் தமிழில் மிடி என்றால் வறுமை. என் தலைமுறைக்குப் பாவாடையும்கூட. ‘மிடித்தடம்’ என்று எழுதினால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் எனக்குத் தோன்றியது ‘ஏவல் தடம்’. வாத்தியத்தை ஏவுகிறது, பொருத்தம்தான். வீட்டில் சொன்னேன். “பில்லி, சூனியம், ஏவல் எல்லாம் கம்ப்யூட்டர்லயும் வந்துடுச்சா?” என்று அம்மா கேட்டதோடு அதைக் கைவிட்டேன். ‘கட்டளை’ ஏற்கெனவே கட்டளை வரிக்கு (கமாண்ட் லைன்) போய்விட்டது.

அப்புறம் வந்ததுதான் என் முன்மொழிவு: வாசிப்புத் தடம்.

நாம் மிருதங்கத்தையும் வயலினையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். மிடி தடத்தில் இருப்பது ஒருவர் வாசித்த விதம்: எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தி. அதை மென்பொருள் படித்து, வேறொரு வாத்தியத்தில் வாசிக்கிறது. சொல்லின் இரண்டு பொருளும் இங்கே வேலை செய்கின்றன. ஒலித்தடத்தில் ஒலி, வாசிப்புத் தடத்தில் வாசிப்பு. கையேட்டில் ஒரே வரியில் விளக்கிவிடலாம்: பதிவு நடக்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் ஒலித்தடத்தில் ஏறும், வாசிப்புத் தடத்தில் ஏறாது.

மற்ற இரண்டு வரிகள், சுருக்கமாக:

> லைவ் ஆடியோ – நேரலை ஒலி

நேரலை தொலைக்காட்சிக்குப் போய்விட்ட சொல். அறையில் மைக் வைத்துப் பதிவது அதுவல்ல. ‘மைக் பதிவு’ போதும்.

> லேட்டன்சி – உள்ளுறை நேரம்

இது அகராதியைப் பார்த்துச் செய்தது. கட்டையை அழுத்தியதற்கும் காதில் கேட்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி எதிலும் உறைந்திருக்கவில்லை. ‘சுணக்கம்’ என்று வைக்கலாம். “இடையகத்தை (மென்பொருள் ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபரை) 1024 சாம்பிள் வைத்தால் 48,000 ஹெர்ட்ஸில் அது மட்டுமே 21 மில்லிநொடி சுணக்கம் தரும், 256க்கு இறக்கினால் 5 சொச்சம்” என்று எழுதிப் பாருங்கள், ஓடுகிறது.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

---

அம்மா, வணக்கம்.

62 பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகள் பாட்டு சொல்லிக்கொடுத்த எனக்கே அது உறைக்காமல் போனது வெட்கம்தான். ஆனால் ஓர் ஐயம். என் மாணவன் ஒருவன் கீபோர்டைத் தொடுவதே இல்லை. மவுஸை வைத்துக் கட்டம் கட்டமாக வரைகிறான். யாரும் வாசிக்காததை ‘வாசிப்பு’ என்பது எப்படி? அதோடு, இன்றைய பிள்ளைகளுக்கு வாசிப்பு என்றால் புத்தகம் மட்டுமே.

---

ஐயா, நல்ல கேள்வி. பாட்டைச் சுரப்படுத்தித் தாளில் எழுதுகிறவர், எழுதும் நேரத்தில் பாடிக்கொண்டா இருக்கிறார்? உங்கள் மாணவன் வரைவதும் அப்படித்தான், இனி வாசிக்க வேண்டியதை எழுதிவைக்கிறான். வாசித்ததும் வாசிக்க வேண்டியதும் ஒரே தடத்தில் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

புத்தகக் குழப்பத்தை முழுக்க மறுக்க மாட்டேன். ‘வாசிப்பு’ தனியாக நின்றால் குழப்பும். ‘தடம்’ ஒட்டியிருக்கும்வரை நூலகத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது “தனியில வாசிப்பு எப்படி?” என்று கேட்கிற ஊரில் அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை.

---

அக்கா, ஐயா இருவருக்கும் நன்றி. பட்டியலில் ‘சுரத்தடம்’ எடுத்துவிட்டு ‘வாசிப்புத் தடம்’ போட்டேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் மட்டும் பக்கத்தில் ‘மிடி’ என்றும் சேர்த்திருக்கிறேன், மெனுவில் தேடுகிறவர்களுக்காக. லேட்டன்சி இனி சுணக்கம்.

இந்த அத்தியாயத்தில் இன்னும் ஒன்று பாக்கி. வாசிப்புத் தடத்தில் முன்பின்னாக விழுந்த கட்டைகளைத் தாளக் கட்டத்தில் கொண்டுபோய் ஒட்டவைக்கிறதே, குவாண்டைஸ். ‘சொட்டாக்கம்’ என்று எழுதிவைத்திருந்தேன். இப்போது பார்த்தால் எனக்கே புரியவில்லை. ‘தாள ஒட்டு’ எப்படி?

---

‘ஒட்டு’ போட்டால் கிழிசல் நினைவு வருகிறது தம்பி. ‘தாளத்தில் நிறுத்து’ என்று பொத்தானிலேயே வினையாக எழுதிப் பாருங்கள். ஐயா என்ன சொல்கிறார்?