புதுப்பிப்பு: தடிப்பே இல்லாத அரிப்பு, கொலஸ்டேசிஸ்தானாம் (கர்ப்பத்துல கல்லீரல்ல பித்தநீர் சரியா ஓடாம தேங்குறது)

கர்ப்பமா இருந்தப்ப 8-ஆம் மாசத்துல தடிப்பு எதுவும் இல்லாம ராத்திரியானா உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சு எடுக்குதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். கேலமைன், வேப்பிலை ஒண்ணும் கேக்கல. "ரத்தத்துல பைல் ஆசிட் (பித்த அமிலம்) பாக்கச் சொல்லுங்க"ன்னு ஒரு அக்கா போட்டிருந்தாங்க, அதுதான் சரியா வந்துச்சு, கல்லீரல் டெஸ்ட் நார்மல்னு வந்தும் பைல் ஆசிட் மட்டும் 40-ஐத் தாண்டி நின்னுச்சு. நமக்கு அரிப்புதான், ஆனா பைல் ஆசிட் 100-க்கு மேல போனா குழந்தை வயித்துலயே இறந்துபோற ரிஸ்க் ஏறுமாம், அதனால வாராவாரம் ரத்தம் எடுத்தாங்க. உர்சோ மாத்திரை போட்டும் அரிப்பு கொஞ்சம்தான் அடங்குச்சு (ரொம்ப நம்பிட்டேன்). 37 வாரத்துல வலி வரவச்சு டெலிவரி, பொண்ணு, நல்லாருக்கா. அரிப்பு சில நாள்லயே போயிருச்சு. நான் எதிர்பாக்காதது, அடுத்த தடவையும் திரும்ப வர சான்ஸ் அதிகம்னு டாக்டர் சொன்னதுதான்.